மாமா காட்டிய கொழும்பு

ஒன்பது வயதில் பாடசாலை விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து வெள்ளவத்தைக்குப் போயிருந்தபோது, பழைய கொழும்பைச் சுற்றிக் காட்டுவதாக மாமா சொன்னார். கோயில், தேவாலயம், களனி ஆறு கடலில் விழும் முகத்துவாரம் எல்லாம் பார்க்கலாம் என்றார். அதற்கு அம்மா ஏன் பட்டுச் சேலை உடுத்தாள், மாமா ஏன் தலைக்கு டை அடித்தார் என்று நான் யோசிக்கவில்லை. வாடகைக்கு வான் பிடித்துப் போவதே எனக்குப் பெரிய விஷயம்.

உண்மையில் அது பெண் பார்க்கும் பயணம். மாமாவுக்கு முப்பத்தாறு முடிந்திருந்தது. இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. இதுவும் போனால் இனி ஒருவரும் தரமாட்டார்கள் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் நேரே வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பதில்லை. கோயிலில் தற்செயலாகச் சந்திப்பார்கள். சரிவராவிட்டாலும் இரண்டு பகுதிக்கும் மானம் போகாது. அப்படித்தான் கொச்சிக்கடைச் சிவன் கோயில் வாசலில், கொட்டாஞ்சேனை அக்கா ஒருத்தி தன் தாயுடன் தற்செயலாக நின்றாள். அவர்களும் பட்டுத்தான்.

அக்காவின் காதில் விழும்படி மாமா எனக்கு விளக்கத் தொடங்கினார்.

“இது சோழர் கட்டினது. ஆயிரம் வருஷம்.”

“நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும்,” என்றாள் அக்கா மெதுவாக. அவள் பிறந்து வளர்ந்தது பக்கத்துத் தெருவில்.

“அது மேல கட்டினது. அத்திவாரம் சோழன்ர,” என்றார் மாமா.

அடுத்ததாக, மேட்டில் இருந்த பழைய தேவாலயத்தைப் போர்த்துக்கேயருக்குக் கொடுத்தார். அக்கா அதை வாங்கி ஒல்லாந்தருக்குக் கொடுத்தாள். அத்திவாரத்தை மட்டும் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா அவர் கையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது.

முகத்துவாரத்தில் வள்ளங்களுக்கு அப்பால் ஆறு மண்ணிறமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“இந்த ஆத்தை இதால திருப்பினது ஒல்லாந்தர்தான்,” என்றார் மாமா.

“அப்ப ஆத்துக்கு அத்திவாரம் ஆர் போட்டது?” என்று அக்கா கேட்டாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், வான் சாரதி உட்பட. மாமா சிரிக்கவில்லை. விறுவிறென்று போய் வானுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“மாமா வீட்டிலயும் இப்பிடித்தானோ, பிள்ளை?”

மாமாவின் மானத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நிமிர்ந்து நின்று சொன்னேன்: “எங்கட மாமாவை ஒருத்தரும் பிழை எண்டு சொல்லேலாது! சொன்னா ரெண்டு கிழமைக்குக் கதைக்க மாட்டார். அம்மா அழுதாலும் கதைக்க மாட்டார்!”

அக்கா என் கன்னத்தைத் தடவி, “நல்ல பிள்ளை,” என்றாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், சாதகம் பொருந்தவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். அம்மா அழுதாள். மாமா சாதகம் பார்த்த சாத்திரியாரைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். முகம் தெரியாத அந்த மனிதரைப் பல வருஷங்கள் நான் மன்னிக்கவேயில்லை.

பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். சாதகம் பொருந்திய பிறகுதான் இரண்டு வீட்டாரும் பட்டுடுத்துக் கோயிலுக்குப் போவார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மாமா இன்னும் தனி ஆள். இன்றைக்கும் அந்தச் சாத்திரியாரைத்தான் திட்டுகிறார். நான் வாயைத் திறப்பதில்லை.