முதல் கூறு யாருக்கு?

காய்கறிக் கடையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: காய் வாங்குகிற ஆள் வேறு, அதைத் தின்று தொலைக்க வேண்டிய ஆள் வேறு. வாங்குகிறவர் என்னோடு பேரம் பேசுவார். தின்ன வேண்டியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கூறு நாம் வாங்குவதற்குள் விற்றுப்போகாதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஃபிஜித் தீவில் நாந்தி மார்க்கெட்டில் பல வருஷம் கடை போட்டவள் நான். பிள்ளைக்குக் காய் ஊட்டிக் கை சலித்துப்போன தாய்மார்களே, நானும் உங்கள் கட்சிதான். எங்கள் ஊர்த் தமிழர் பேச்சில் பாதி ஹிந்தி இருக்கும். அதைக் கழித்துவிட்டுத் தமிழில் தருகிறேன்.

உடம்புக்கு நல்லது

பேங்க்கில் வேலை செய்கிற ஒருவர் சனிக்கிழமைதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். பெண்சாதி சொல்லி அனுப்பியிருப்பாள் போல. ஒவ்வொரு வாரமும் கரேலா வாங்குவார். கரேலா என்றால் பாகற்காய்தான். அதை எடுக்கிற விதத்தைப் பார்க்க வேண்டுமே. செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பையில் போடுவார். முகம் அஷ்டகோணலாகும். கீழே நிற்கிற ஆறு வயதுக்காரி அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தையும் அதேபோல் கோணிக்கொள்வாள்.

“உங்களுக்குப் பிடிக்காதா?” என்று ஒரு நாள் கேட்டேன். “நான் தொடமாட்டேன். இது பாப்பாவுக்கு, உடம்புக்கு நல்லது” என்றார். அவருக்குத் தொப்பை கொஞ்சம் பெரிது. மகள் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கம் சொன்னாள்: “அப்பாவுக்குத்தான் ஏற்கெனவே நிறைய உடம்பு இருக்கே, ஆன்ட்டி.”

மூன்று தரம்

ஊராரைப் பார்த்துச் சிரித்தது போதும், என் வீட்டுக்கு வருகிறேன். மூட்டை வந்ததும் காயை மூன்றாகப் பிரிப்பேன். பளபளப்பானது மார்டின்டாரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலுக்கு. அங்கே சமையல்காரர் கோவிந்து அண்ணன்தான் என் பெரிய வாடிக்கை. அவர் இல்லாவிட்டால் என் கடையே இல்லை. அடுத்த தரம் கூறு கட்டி விற்க. சாயங்காலம் வதங்கி மிஞ்சியதில் பாதி எங்கள் ஆட்டுக்கு, பாதி எங்களுக்கு. மார்க்கெட்டில் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆடு மட்டும் குறை சொல்லாமல் தின்னும்.

என் மகன் தேவனுக்கு அப்போது ஏழு வயது. சோற்றில் பச்சையாக எது தெரிந்தாலும் ஒதுக்கிவிட்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றே காலத்தை ஓட்டினான். கெஞ்சினேன், அடித்தேன், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடப் போனவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. ரத்தம் ரொம்பக் குறைவு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்றாள். மருந்து எழுதிக்கொண்டே என்ன தொழில் என்று கேட்டாள். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “காய் விக்கிறவங்க புள்ளைக்கு நான் காய் எழுதிக் குடுக்கணுமா, அக்கா?”

விற்காத மூட்டை

அப்புறம்தான் தலைநகர் சுவாவில், இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று சொல்லி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்று சிகடோகா தோட்டங்களிலிருந்து வந்த மூட்டையை நான் பிரிப்பதற்குள் ரேடியோவில் செய்தி. கடைகள் ஒவ்வொன்றாக அடைத்தன. பக்கத்துக் கடை மெரே, பூர்வீக ஃபிஜிக்காரி, என் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், என் வீட்டுக்காரர் ஓட்டுகிற கரும்பு லாரியில் ஏற்றினாள். நாங்கள் கிளம்பும்வரை கூடவே நின்றாள். அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். வாங்க ஆளில்லை. அழுகிப்போகுமே என்று முதல் தரக் காயையே நறுக்கினேன். போரா என்று நாங்கள் சொல்கிற நீளப் பயற்றங்காய் அது, ஒடித்தால் சடக்கென்றது. கடுகு தாளித்துத் தேங்காய் போட்டு இறக்கினேன். வழக்கமாகப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, மிஞ்சியதை நின்றபடி வாயில் போட்டுக்கொள்கிறவள் நான். அன்று எங்கே போவது, என்ன ஆகும் என்கிற கவலையில் நானும் அவரும் உட்கார்ந்து தின்றோம். நன்றாக இருந்ததால் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டோம். தேவனைத் தின்னச் சொல்ல இருவருக்கும் ஞாபகமே இல்லை. அவனாகவே என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். அப்புறம் இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாள் அதே காய்தான் வதங்கிப்போய் அவன் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது. மென்றுகொண்டே கேட்டான்: “அம்மா, இது என்ன காய்? இத நீ ஒரு நாளும் செஞ்சதில்லையே.”

கோவிந்து அண்ணன்

ஒரு வாரம் கழித்து மார்க்கெட் திறந்ததும் ஒன்று முடிவு செய்தேன்: மூட்டை பிரித்தால் முதல் கைப்பிடி வீட்டுக்கு. ஆனால் கோவிந்து அண்ணனிடம் யார் சொல்வது? தக்காளியில் ஒரு புள்ளி இருந்தால் கூடையையே திருப்பி அனுப்புகிற மனிதர். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனால் என் அடுப்பு அணைந்துவிடும். வந்தவர் கூடையைப் பார்த்ததுமே, “நல்ல போரா எங்க?” என்றார். உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். “ஹோட்டல்ல ஒரு வெள்ளக்காரன் இல்ல. நல்லத உம் மவன் தின்னட்டும், தங்கச்சி” என்றார். அதற்குப் பிறகும் மிச்சக் காயை என்னிடமேதான் வாங்கினார். சில மாதம் கழித்து நர்ஸ் மறுபடி இமையை இழுத்துப் பார்த்தாள். சிவந்திருந்தது. அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

பிறகு எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பக் கிளம்ப, ஊர் காலியாக ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு மேலே ஒவ்வொரு விமானம் போகும்போதும் ஒரு வாடிக்கை போகிறது என்று நினைத்துக்கொள்வேன். கோவிந்து அண்ணனும் பிரிஸ்பேனுக்குப் புறப்பட்டார். சொல்லிக்கொள்ள வந்த அன்று கையில் கூடை இல்லை. நீங்கள் நன்றாக இருக்கணும் அண்ணே என்று மட்டும் சொன்னேன். அவர் என் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டேன். எம் பொண்ணுங்க எந்தக் காய் தின்னும்னு எனக்குத் தெரியாது, தங்கச்சி. அங்க போயாவது அதுங்களோட உக்காந்து தின்னணும்.”

நாட்டைப் பிடிக்க வந்தவர்கள் எங்களில் எத்தனையோ பேரை நாட்டை விட்டே அனுப்பினார்கள். ஆனாலும் ஒரு வாரம் மார்க்கெட்டைப் பூட்டவைத்து, என் மகனுக்கு முதல் தரக் காயைத் தின்னக் கொடுத்த புண்ணியம், பாவம், அவர்களுக்கே தெரியாமல் அவர்களைத்தான் சேரும்.