எறும்பு அறிந்த புண்

உக்குவளைக்குப் பக்கத்துத் தோட்டக் கோயிலில் என் மனைவி பூ மிதித்தது இது பதினோராவது முறை. முந்தைய பத்திலும் தணலைக் கடந்ததும் பால் ஊற்றிய குழிக்குள் பாய்ந்து விழுவாள். இந்த வருஷம் குழியருகில் நிதானமாக நின்று திரும்பினாள்.

"ஒண்ணுமே சுடலங்க."

பக்கத்து வீட்டுக்காரி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அக்காவ ஆத்தாவே தூக்கிட்டுப் போயிட்டா!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "சேர், நீங்க ஓரமா நின்னு எத்தன பேரு மிதிச்சாங்கன்னு எண்ணிக்கிட்டு இருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போன மாதம் ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடையிலிருந்து வீடுவரை நடந்து வந்தவள்.

"காலக் காட்டு" என்றேன்.

மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு முடியும்வரை, மஞ்சள் பூசிய பாதத்தைக் கழுவக் கூடாது. அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஆத்தாவையே சந்தேகப்படுறீங்களா?"

மூன்றாம் நாள் காலையில் கட்டில் கால் வழியாக எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. முப்பதுவரை எண்ணினேன். அதற்குள் அவை போகுமிடம் தெரிந்துவிட்டது. பெருவிரலுக்குக் கீழே மஞ்சள் வெடித்து, புண் ஈரமாகக் கசிந்தது. சுவர் இடுக்கிலிருந்த எறும்புக்கு அது தெரிந்திருக்கிறது. காலுக்கு உரியவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். "குத்துறப்ப சொல்லுங்கம்மா." புண் இல்லாத காலின் அடியில் ஊசி முனையை ஒன்பது இடங்களில் வைத்து அழுத்தினார்.

மனைவி கண்ணை இறுக்கி மூடியபடி காத்திருந்தாள்.

"நான் ரெடி மகள். குத்துங்க" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புண்பட்ட காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரி பிஸ்கட்டோடு வந்தாள். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "விரதத்துல எங்கயோ குத்தம் நடந்திருக்கு அக்கா" என்றாள்.

மனைவி தலையாட்டினாள். "அடுத்த வருஷம் திரும்ப மிதிச்சுச் சரி பண்ணிடுறேன்."

பக்கத்து வீட்டுக்காரி போனதும், "குத்தமுமில்ல ஒண்ணுமில்ல. ஒன் கால் நரம்பு செத்துப்போச்சு. ரெண்டு கால்லயும்" என்றேன்.

"செத்திருந்தா எப்பிடிங்க நடக்குறேன்?"

எழுந்து, நான் தடுப்பதற்குள், கட்டுப் போட்ட காலை அழுத்தி ஊன்றிக் குசினிவரை நடந்து காட்டினாள். தரையில் நான்கு இடங்களில் இரத்தம் பதிந்திருந்தது. அவள் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.