புழு இல்லாத நாய்க்கு ஒரு போன்

கால்நடை மருத்துவமனையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக நாய்களின் மலத்தைச் சோதிக்கிறவளுக்கு ஒரு நாயின் முகமும் தெரியாது. நாய்கள் முன்வாசலோடு திரும்பிவிடும். அவளிடம் வருவது டப்பா மட்டும்தான். மலத்தை உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்தால், பதினைந்து நிமிடத்தில் புழு முட்டைகள் மிதந்து வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். ரொம்ப நேரம் விட்டால் முட்டை சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும். அதனால் கடிகாரமும் கையுமாகவே இருப்பாள். முட்டை தெரிந்தால் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு மருந்து சொல்வாள். இல்லையென்றால் வெறும் சீட்டு போகும். அவள் வாய் திறப்பதே அந்தப் போனில்தான். புழு வந்தால்தான் பேச்சுத்துணை என்று ஒரு பிழைப்பு!

அன்று ஒரு பெரியவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். போன வருடம் அவர் நாய்க்குக் கொக்கிப்புழு இருந்தது. அதற்குப் பிறகு சோதித்த மூன்று முறையும் சுத்தம்.

“இப்பல்லாம் போனே பண்றதில்லையேம்மா?”

“புழு இருந்தாத்தான் சார் பண்ணுவேன்.”

“இல்லைன்னாலும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்க வீட்டுப் போனும் எப்பவாவது அடிக்கட்டுமே.”

டப்பாவை வைத்துவிட்டுப் போனார். இந்த முறையும் சுத்தம்தான். அவள் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“ஒண்ணும் இல்ல சார்.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. மேஜையில் அடுத்த டப்பாவுக்கான கடிகாரம் அலறியது. கெட்டுப்போனால் மறுபடி கரைத்துக்கொள்ளலாம் என்று அதை அலற விட்டாள்.