முட்டை ஜன்னல்

எழுபதுகளில் வந்த பெரிய அமெரிக்கக் கார்களில் எது சிறந்தது என்று நானும் என் நண்பனும் ஐம்பது வருஷமாகச் சண்டை போட்டுவருகிறோம். அவன் கட்சி மார்க் ஃபோர். நான் எல்டொராடோ. இரண்டுமே இரண்டே கதவு வைத்த, ஏறக்குறைய பத்தொன்பது அடி நீளமுள்ள சொகுசு வண்டிகள். இரண்டையும் நாங்கள் ஓட்டியதில்லை. பார்த்ததுகூட இல்லை என்றுதான் போன வாரம்வரை அவன் நம்பியிருந்தான்.

துறைமுகத்தில் அவன் கிரேன் ஓட்டினான். ராயபுரம் மீனவர் வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆள். நான் பி.ஏ. முடித்துவிட்டு, இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பல்காரர்கள் விட்டுப்போகும் பத்திரிகைகள் பழைய பேப்பர் கடைக்கு வரும். கார் விளம்பரங்களை நான் படித்துச் சொல்வேன். அவன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்.

சாப்பாட்டு வேளையில், காலியாகக் கிடக்கும் சரக்கு ஷெட்டின் தரையில் இரண்டு வண்டிகளையும் உண்மை அளவில் சாக்பீஸால் வரைவோம். அவனவன் வண்டிக்குள் உட்கார்ந்துதான் சோறு. என்னுடையதில் இன்ஜின் எட்டு லிட்டருக்கும் மேல். அது முன்சக்கரங்களைத்தான் ஓட்டும் என்பதால் நடுவில் மேடு இல்லாமல் வண்டியின் தரை சமமாக இருக்கும், தாராளமாகக் காலை நீட்டலாம். அவனுடையது ஏழரை லிட்டர்தான். ஆனால் பகலில் விளக்குகள் மூடிக்குள் ஒளிந்துகொள்ளும். பின்சீட்டுக்குப் பக்கத்தில் முட்டை வடிவத்தில் சின்ன ஜன்னல் இருக்கும்.

"உன்து ஆஸ்பத்திரி வண்டி கணக்கா கீது மாமு. நீ கால நீட்டிப் படுத்துக்கினு வா. நான் முட்டை ஜன்னல்ல காசிமேட்டப் பாத்துக்கினு போறேன்" என்பான்.

ஒரு நாள், வேறு ஊருக்குப் போகும் கப்பல் ஒன்று வந்தது. அடியில் கிடந்த சரக்கை எடுப்பதற்காக, மேலே கட்டியிருந்த காரைச் சில மணி நேரம் கரையில் இறக்கி, எங்கள் ஷெட்டில் மூட்டை அடுக்குகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். கரும்பச்சை மார்க் ஃபோர். அன்று அவனுக்கு வேறு பக்கம் வேலை.

மூன்று முறை சுற்றி வந்தேன். எந்தப் படமும் அதன் அழகைச் சரியாகக் காட்டியிருக்கவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று புரிந்தது. கப்பல் அதிகாரி ஒருவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். முன்சீட்டை மடித்து, பின்னால் போய் உட்கார்ந்து, முட்டை ஜன்னலில் முகத்தை வைத்தேன். ஷெட்டின் வாசல் தெரிந்தது. அங்கே என் நண்பன் கையில் தூக்குவாளியோடு நின்று என்னைத் தேடி எட்டிப் பார்த்தான். வெயிலில் நிற்பவனுக்கு உள்ளே வெறும் இருட்டு. முப்பது அடி தூரம் இருக்கும். மெதுவாகக் கூப்பிட்டாலே கேட்டிருக்கும்.

நான் கூப்பிடவில்லை. பார்த்தால் ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் யோசித்தும் இதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லை. அவன் போய்விட்டான். சாயங்காலத்துக்குள் காரும் கப்பலேறிவிட்டது.

மறுநாள் அவன் வழக்கம்போல ஜன்னலை வரைந்தான். "கொஞ்சம் பெரிசாப் போச்சு" என்றேன். உள்ளங்கையால் அழித்துவிட்டு, சின்னதாகப் போட்டான்.

சர்க்கரை வியாதியில் இப்போது அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. எம்.கே.பி. நகரில் மகன் வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். அதே சண்டைதான். போன வாரம் திடீரென்று சொன்னான்: "ஒரு தபாவாவது அந்த ஜன்னல்ல பாத்துருக்கணும் மாமு. இனிமே எதிர்ல வந்து நின்னாலும் எனக்கு இன்னா தெரியப்போவுது."

"நான் பாத்தேன். உள்ள உக்காந்தேன்" என்றேன். கப்பல், கரும்பச்சை, அதிகாரி, எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் அவன் நின்றதை மட்டும் சொல்லவில்லை.

"எது சோக்கா கீது? உன்தா, என்தா?"

"உன்துதான்."

"அத்த நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா? ஜன்னல்ல இன்னா தெரிஞ்சுது, அத்த சொல்லு. கடலா?"

கடல் என்றே சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவன் முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தான்.

"நீ. தூக்குவாளியோட வாசல்ல நின்னு என்னத் தேடினே."

அவன் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான். மருமகள் வைத்துவிட்டுப் போன டீ அப்படியே ஆறியது.

"கூப்ட்ருக்கலாம்ல மாமு" என்றான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. வரட்டுமா என்று கேட்க அவனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.