பன்னிரண்டு லிட்டர் ஜீவரத்தினம்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கார் கதவுகளுக்குக் கீல் அடித்துக்கொடுக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில், ஜீவரத்தினம் பதினெட்டு வருஷமாக சூப்பர்வைசர். வேலையில் கெட்டிக்காரர். மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டே எது பழுதாகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அங்கே வேலை செய்கிற யாரும் அவரைப் பற்றி முதலில் சொல்வது அதையல்ல. கக்கூஸ் நோட்டைத்தான்.

நாற்பது பேருக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு கக்கூஸ். யார் போனார், எத்தனை மணிக்குப் போனார், எப்போது திரும்பினார் என்பதையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் ஒரு நீல நோட்டில் ஜீவரத்தினம் குறித்துக்கொள்வார். நான்கு நிமிஷத்தைத் தாண்டினால் பெயருக்குக் கீழே ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் முதலாளி தோத்தாத்ரியின் அறையில் போய் நிற்க வேண்டும். பிரஸ் ஆபரேட்டர் தினகரன் ஒருமுறை வயிற்றுப்போக்கோடு வேலைக்கு வந்து ஒரே நாளில் ஐந்து கோடு வாங்கினான். ஏன் லீவு போடவில்லை என்று கேட்டதற்கு, "லீவு கேட்டாலும் நீதான சார் குடுக்க மாட்ட" என்றான். அதற்கும் ஒரு கோடு விழுந்தது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஜீவரத்தினம் மாடம்பாக்கம் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினார். கேம்ப் ரோடு வருவதற்குள் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது வண்டிக் கண்ணாடியில் பத்திரமாக மாட்டியிருந்தது. ஜீவரத்தினத்தின் பின்மண்டைதான் தார்ச்சாலையில் போய் மோதியது. நாலு தையல், ஒரு ஸ்கேன், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "மூளை கீதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? அதுவே பெரிய விசயம்பா" என்று தினகரன் சொன்னதாக அவர் காதுக்கும் வந்து சேர்ந்தது.

வீடு திரும்பிய மறுநாளிலிருந்து தாகம் பிடித்துக்கொண்டது.

சாதாரணத் தாகம் இல்லை. ஒரு செம்பு குடித்தால் அடுத்த செம்புக்கு நாக்கு நீளும். அதுவும் ஐஸ் போட்ட தண்ணீர்தான் வேண்டும். பானைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் தொண்டையைத் தொட்டதாகவே தெரியவில்லை. பிரிட்ஜில் இருந்த காய்கறியெல்லாம் வெளியே வந்தது, பாட்டில்கள் உள்ளே போயின. குடித்ததெல்லாம் அடுத்த இருபது நிமிஷத்தில், மஞ்சள் என்கிற நிறமே தெரியாமல் பளிங்கு மாதிரி வெளியே போனது. ராத்திரியில் ஆறு தடவை எழுந்தார். பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவி ஈவ்லின் மூன்றாம் நாளே தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் கேன் போடும் லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், நாலு நாளைக்கு ஒரு கேன் போட்டுகினு இருந்தேன். இப்ப ஒரு நாள் வுட்டு ஒரு நாள் போன் பண்றீங்க. வூட்ல எருமை கிருமை வாங்கிக் கட்டிட்டீங்களா?"

ஜீவரத்தினத்துக்குப் பதில் சொல்ல நேரமில்லை, உள்ளே ஓடிவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாவது நாள் மத்தியானம், கக்கூஸ் வாசலில் தினகரன் காத்துக்கொண்டு நின்றான். கையில் புது நோட்டு ஒன்று இருந்தது.

"சார், ஒரு கையெழுத்து வேணும்."

"என்னய்யா இது?"

"காலீலர்ந்து பதினாலு தபா சார். மொத்தம் அம்பத்தி ரெண்டு நிமிசம். நேத்து பதினேழு. இன்னா பண்லாம், கோடு போட்ரலாமா?"

பிரஸ்கள் எல்லாம் நின்றுவிட்டன. முப்பது பேர் எண்ணெய்த் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீவரத்தினத்துக்குக் காது சிவந்தது. பதினெட்டு வருஷத்து அதட்டல் ஒன்று அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஆனால் அதே அடிவயிற்றிலிருந்து வேறொன்றும் கிளம்பிவிட்டது.

"இரு, வந்து பேசிக்கிறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"பதினஞ்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தினகரன் எழுதினான்.

அன்று சாயங்காலம் ஜீவரத்தினம் தன் நீல நோட்டை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். அது அதன் பிறகு வெளியே வரவில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சுகர் என்றார்கள். ஆபீசில் ஒருவர் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தார். ஈவ்லினின் தங்கை ஊற வைத்த வெந்தயத்தை டப்பாவில் போட்டு அனுப்பினாள். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை தொண்ணூற்றிரண்டு. பச்சைப்பிள்ளைக்கு இருப்பது மாதிரி இருந்தது. அப்படியானால் உடல் சூடு என்றார்கள். மார்ச் மாத வெயில் வேறு அதற்குச் சாட்சி சொன்னது. எண்ணெய் தேய்த்துக் குளித்தார், இளநீர் குடித்தார், இளநீரும் இருபது நிமிஷத்தில் போய்விட்டது. தெருமுனை டாக்டர், "சார், நீங்க குடிக்கிறதாலதான் போகுது. குடிக்கிறதை நிறுத்துங்க, தானா நின்னுடும்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வாயைக் கட்டிப் பார்த்தார். குடிக்காமலே போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் உதடு வெடித்து, கண் செருகி, மீன் குழம்பைப் பார்த்துக்கூட ஆசை வராமல் போனது. ஈவ்லின் பயந்துபோய்ச் செம்பை நீட்டினாள்.

இப்படியே பெரிய வெள்ளியும் வந்தது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி, சர்ச்சில் சபையைச் சேர்ந்த ஏழு பேர் ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணி ஆகும். ஜனவரியிலேயே சீட்டுக் குலுக்கிப் பெயர் போட்டுவிட்டார்கள். ஜீவரத்தினத்துக்கு விழுந்தது ஐந்தாவது வார்த்தை, அதாவது 'தாகமாயிருக்கிறேன்'.

இரண்டு பெரிய பிளாஸ்கோடு கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். நான்காவது வார்த்தை முடிவதற்குள் இரண்டும் காலி. மேடையேறி, எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்து இரண்டு வரி படித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஆயருக்காக வைத்திருந்த கண்ணாடி டம்ளர் கண்ணில் பட்டது. எடுத்துக் குடித்தார். ஜாடியையும் எடுத்துக் குடித்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மனதில் இருந்ததைப் பேசினார்.

"தாகம் வந்துட்டா மனுஷனுக்கு மானம் மரியாதை ஒண்ணும் கிடையாது. பசிச்சா ஒரு வேளை பொறுத்துக்கலாம். இது விடாது. போன வாரம் ஷேர் ஆட்டோல பக்கத்துல உட்கார்ந்திருந்த காலேஜ் பொண்ணு கையில பாட்டில் வெச்சிருந்தா. எனக்கு அவ மூஞ்சி ஞாபகம் இல்ல. பாட்டில்ல எவ்வளவு தண்ணி இருந்துச்சுன்னு இப்பவும் சொல்லுவேன். பிடுங்கிக் குடிச்சிருப்பேன், நல்லவேளை பொத்தேரி வந்துடுச்சு, இறங்கிப் போயிட்டா. ஐம்பத்திரண்டு வயசு எனக்கு..."

முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜீவரத்தினம் அதோடு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினார். துக்கம் தாங்காமல் ஓடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்கே ஓடுகிறார் என்று ஈவ்லினுக்கு மட்டும் தெரியும்.

இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது. ஞானஜோதி அக்கா, முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆராதனை முடிந்ததும் ஜீவரத்தினத்தை வேப்பமரத்தடியில் மடக்கினார்.

"ஜீவா, சுகர் பார்த்தியா?"

"நார்மல் அக்கா."

"யூரின் தண்ணி மாதிரி போகுதா? தலையில அடிபட்ட பிறகுதானே?"

"ஆமா."

"கிட்னி டாக்டர், சுகர் டாக்டர்னு அலையாதே. மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு, அங்கதான் கோளாறு. ஹார்மோன் டாக்டர்கிட்ட போ."

மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் இரம் என்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். முதல் வேலையாக, ஒரு நாள் முழுவதும் போகும் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். லேபில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று கொடுத்தார்கள். ஜீவரத்தினம் இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். லேப்காரர் சிரித்தார். மறுநாள் ஆட்டோவில் மூன்று கேன்களையும் காலடியில் வைத்துக்கொண்டு போகும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"மினரல் வாட்டரா சார்? ஒரு மடக்கு குடேன், தொண்டை காஞ்சிகினு கீது."

"வேணாம்பா, இது நம்ம சொந்தத் தயாரிப்பு" என்றார் ஜீவரத்தினம்.

பன்னிரண்டு லிட்டர் இருந்தது. லேப்காரர் அப்போது சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு சோதனை வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் காலை ஏழு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தர மாட்டார்கள். மணிக்கு ஒரு தடவை எடை பார்ப்பார்கள், மூத்திரத்தை அளப்பார்கள். காவலுக்கு சுஜி என்று ஒரு நர்ஸ். ஒன்பது மணி வரை ஜீவரத்தினம் சங்கீதம் பாடிக்கொண்டு இருந்தார். பத்து மணிக்கு ஜன்னல் ஏசியிலிருந்து சொட்டும் நீரை எண்ண ஆரம்பித்தார். பதினோரு மணிக்கு சுஜி போன் பேச வெளியே போனாள்.

திரும்பி வந்து எடை மிஷினில் ஏற்றியவள் முகத்தைச் சுளித்தாள்.

"சார், ஒவ்வொரு மணி நேரமும் குறைஞ்சுட்டே வந்தீங்க. இப்ப முன்னூறு கிராம் ஏறியிருக்கீங்க. எப்படி?"

"காத்துல ஈரப்பதம் இருக்கும்மா."

சுஜி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் ஓரத்துக் கண்ணாடி பாட்டிலில் இருந்த மணி பிளாண்டின் வேர்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ சார், அதுல கொசு முட்டையெல்லாம் இருக்கும்!"

"இருந்துச்சு" என்றார் ஜீவரத்தினம் தலையைக் குனிந்துகொண்டே.

டாக்டர் இரம் கத்தவில்லை. இந்த நோய்க்காரர்கள் பூச்சாடித் தண்ணீரைக் குடிப்பது அவருக்குப் புதிதல்ல. மறுநாள் செடியில்லாத அறையில், ஈவ்லினை முன்னால் உட்காரவைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள். ஈவ்லின் பத்தாம் வகுப்பு பரீட்சைக்குக் காவல் இருக்கிறவள், அவளிடம் எதுவும் நடக்கவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு கிலோ இறங்கிவிட்டது. ஆள் வாடிக் கிடந்தார், மூத்திரம் மட்டும் அப்போதும் பளிங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு ஊசி போட்டார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜீவரத்தினம் அளவுக் குடுவையோடு பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார். கொஞ்சமாகத்தான் இருந்தது. நல்ல மஞ்சள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஈவ்லின், இங்க பாரேன்!"

"பார்த்துட்டேன், கீழ வைங்க" என்றாள் ஈவ்லின்.

தலையில் வேறொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் இரம் இருவரையும் உட்காரவைத்தார்.

"மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம் இருக்கு, பாதாம் பருப்பு அளவுதான். ரத்தம் கெட்டியாகுதா, நீர்த்துப்போகுதான்னு அது பார்த்துட்டே இருக்கும். தண்ணியைச் சேமிக்கணும்னா ஒரு ஹார்மோனைத் தயார் பண்ணி, மெல்லிசா ஒரு காம்பு வழியா கீழ பிட்யூட்டரிக்கு அனுப்பும். பிட்யூட்டரி அதை ரத்தத்துல விடும். அது கிட்னிக்குப் போய், 'தண்ணியை வெளிய விடாதே, திருப்பி எடு'ன்னு சொல்லும். நீங்க விழுந்தப்ப அந்தக் காம்பு குலுங்கிடுச்சு. உத்தரவு கீழ வரல."

"அப்ப கிட்னி?"

"கிட்னி நல்லாத்தான் இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னு எல்லாத்தையும் திறந்து விட்டுட்டு இருக்கு."

"சூப்பர்வைசர் வராத நாள்ல எங்க ஷாப் மாதிரி."

டாக்டர் சிரித்தார். "ஆனா உங்க தாகம் கெடல. அதுவும் அதே மூளையோட வேலைதான். போனதையெல்லாம் அது கேட்டுக் கேட்டு வாங்கிடுச்சு. அது மட்டும் இல்லன்னா ரெண்டே நாள்ல வத்திப்போய் விழுந்திருப்பீங்க."

இரண்டு மாதமாக அந்தத் தாகத்துக்காகத்தான் ஊரெல்லாம் கூனிக் குறுகி நின்றார் ஜீவரத்தினம். இப்போது அதை நினைத்தால் கொஞ்சம் பாவமாக இருந்தது. ராப்பகலாக ஒற்றை ஆளாக டியூட்டி பார்த்திருக்கிறது, நன்றி சொல்லத்தான் யாரும் இல்லை.

அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நாக்குக்கு அடியில் வைத்தால் கரைந்துவிடும். முதல் ராத்திரியே ஒரே தூக்கம். ஈவ்லின் தலையணையோடு திரும்பி வந்தாள்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாலே எடுத்துக் குடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பென்றால் குடித்தது போய்விடும். இப்போது மாத்திரை விடவில்லை, எல்லாம் உள்ளேயே தங்கியது. பத்தாவது நாள் காலையில் தலைவலி என்றார், வாந்தி எடுத்தார். காபி கொண்டுவந்த ஈவ்லினைப் பார்த்து எழுந்து நின்று, "சார், அரை நாள் லீவு வேணும்" என்றார்.

"ஏங்க, நான் ஈவ்லின்!"

"தெரியும் சார். மத்தியானம் வந்துடறேன்."

அவள் சேலை மாற்றக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்தாள். தேங்கிய தண்ணீரில் நீர்த்து, ரத்தத்தில் உப்பு பாதாளத்துக்குப் போயிருந்தது. மூன்று நாள் படுக்கவைத்து, மெதுவாக ஏற்றி அனுப்பினார்கள். டாக்டர் இரம் இந்தத் தடவை நன்றாகவே கத்தினார். "தாகம் கேட்டா மட்டும் குடிங்க. பாட்டில் கேட்டா குடிக்காதீங்க!"

மே மாதக் கடைசியில் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே தோத்தாத்ரியின் அறைக்குப் போய், நாற்பது பேருக்கு ஒரு கக்கூஸ் போதாது, இன்னும் இரண்டு கட்ட வேண்டும் என்றார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். தலையில் அடிபட்டது இன்னும் சரியாகவில்லையோ என்று நினைத்திருப்பார். பதினெட்டு வருஷத்தில் ஒன்றும் கேட்காத ஆள் என்பதால் சரி என்றுவிட்டார். ஆடியில் கட்டி முடித்தார்கள். அதற்கு ஜீவரத்தினம் நினைவு மண்டபம் என்று தினகரன் பெயர் வைத்தான். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எதற்கடா நினைவு மண்டபம் என்று அவர் கேட்டுப் பார்த்தார். பெயர் நிலைத்துவிட்டது.

டாக்டர் இன்னொரு விதியும் வைத்திருக்கிறார். உப்பு மறுபடி இறங்காமல் இருக்க, வாரத்தில் ஒரு நாள் காலை மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டும். மிச்சமிருக்கும் தண்ணீரெல்லாம் பளிங்காகப் போய், பழைய தாகம் எட்டிப் பார்த்த பிறகுதான் போட்டுக்கொள்ளலாம். ஜீவரத்தினம் அதற்கு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்து வந்ததும் லுங்கிக்கு மாறி, பாத்ரூமுக்கு நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஈவ்லின் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். யாராவது வீட்டுக்கு வருகிறோம் என்று போன் செய்தால், "ஆறு மணிக்கு மேல வாங்க, அவர் இப்ப கொஞ்சம் பிசி" என்பாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் போனிலேயே கேட்கும்.