ஒன்பதாவது பெயர்

உயரத்தைத் தவிர வேறு திறமையும் எனக்கு இருப்பதாக அந்தக் காலத்தில் நான் நம்பியிருந்தேன். ஐந்தடி பத்து அங்குலம். கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் அந்த உயரத்தில் ஆண்களே குறைவு. கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா மனச்சாட்சியே இல்லாமல் இரண்டு அங்குலத்தைக் குறைத்துச் சொல்லுவா. கூடைப்பந்தில் மட்டும்தான் அந்த உயரம் செல்லுபடியானது. வளையத்துக்குக் கீழே நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் பந்து தானாக என்னிடம் வந்து சேரும் என்று பார்க்கிறவர்கள் சொல்லுவார்கள். அது தானாக வரவில்லை. எங்கள் கப்டின் அனுப்பினாள்.

அவள் என் தோளுக்குக் கீழே நிற்பாள். பக்கத்து ஒழுங்கை, ஒரே வகுப்பு. என்னை 'ஏணி' என்று கூப்பிடுவாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில் எங்கள் வயதுத் தமிழ்ப் பெண்பிள்ளைகள் வெளியே போவதற்கு ரியூஷன், கோயில் என்று இரண்டு காரணங்களைத்தான் வீடுகள் ஏற்றுக்கொண்டன. 'மட்ச்' என்று மூன்றாவது ஒன்றை உண்டாக்கியவள் அவள். வீடு வீடாகப் போய், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு தகப்பனிடமும் தானே பொறுப்பு என்று சொல்லி, தன்னோடு சேர்த்து ஒன்பது பேரைச் சேர்த்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்தவர்கள் மூன்று பேர். செட்டியார் தெருக் கடைகளில் வேலை செய்த மலையகப் பிள்ளைகள் இரண்டு பேர். மிச்சம் நாங்கள்.

ஏ.எல். பரீட்சை முடிந்த பிறகு அவள் கிழமை முழுவதும் வீட்டில்தான். படுக்கையில் கிடந்த தாயைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, துணி தோய்த்து, இருட்டிவிடும். ஞாயிறு பின்னேரம் மட்டும் ஒரு சித்தி வந்து தாயோடு இருப்பா. அந்த நாலு மணித்தியாலமும் அந்த அணியும்தான் அவளுடையவை. அணி இல்லையென்றால் சித்தியும் வரமாட்டா. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போட்டி வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இருந்த ஒரு பாடசாலை மைதானத்தில் நடந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, ஹெந்தளை, இரத்மலானை என்று நாலு அணிகள். இளைப்பாறிய மாஸ்டர் ஒருவர்தான் அதை நடத்தினார். அவரே நடுவர், அவரே கணக்கெழுதுபவர், மழை பெய்தால் தண்ணீர் கூட்டுகிறவரும் அவரே. எங்களிடம் நான் இருந்தேன். வெள்ளவத்தையில் தூரத்திலிருந்து எறிந்தாலும் வளையத்துக்குள் போடுகிற ஒருத்தி இருந்தாள். ஹெந்தளையில் ஒருத்தி ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆள் கிடையாது. இரத்மலானைக்காரிகளிடம் அப்படி ஒருவரும் இல்லை, ஆனால் முழங்கை இருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு அணி வென்றது. அன்று யார் வெல்லுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால்தான் சனம் வந்தது. ஊரில் நாளாந்தம் குண்டுச் செய்தி வந்துகொண்டிருந்த காலத்தில், பந்து வளையத்துக்குள் விழுமா விழாதா என்று மட்டும் கவலைப்பட ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

மூன்றாவது வருடம் போட்டி தொடங்குவதற்கு முன் வெள்ளவத்தைக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஹெந்தளைக்காரி எங்களோட வாறாள். நீயும் வந்தால் மூண்டு பேரும் ஒரே டீம். பிறகு ஆர் எங்களைத் தொடுறது?"

நான் யோசிக்க ஒரு கிழமை எடுத்தேன் என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். பொய். பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம், மூன்றாம் இடம். அலுத்துப்போயிருந்தது. அதோடு அந்தக் காலத்தில் கொழும்பில் எல்லோருமே போகிற அவசரத்தில்தான் இருந்தோம். கனடாவோ லண்டனோ, பேப்பர் வந்தால் நாளைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். போவதற்கு முன் ஒரு தடவையாவது கப்பைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. கழகம் மாறக்கூடாது என்று மாஸ்டரிடம் விதியும் இருக்கவில்லை. அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று அந்த மனிதர் நினைத்தே இருக்கமாட்டார்.

கப்டினிடம் சொல்லப் போனபோது அவள் தாயின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, அதைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"இந்த ஒரு முறை மட்டும் நில்லன். புதுசா ஆரையும் பழக்கி எடுக்க எனக்கு நேரம் காணாதடி."

"ஒரு சீசன்தானே. அடுத்த முறை திரும்பி வந்திடுவன்."

"அப்ப லிஸ்ற்றில உன்ர பேரை வெட்டட்டோ?"

அந்த லிஸ்ற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வான் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போவதென்றால் வழியில் ஆமியோ பொலிசோ எத்தனை இடத்தில் மறிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு அணியும் விளையாடுகிறவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பொலிசில் சீல் குத்தி வைத்திருக்கும். மறித்தால் அந்தத் தாளைக் காட்டினால் போதும். ஆனால் சீல் குத்திய தாளில் ஒரு பெயரை வெட்டினால் வெட்டிய இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாற்றுவதென்றால் எல்லோரையும் அட்டைகளோடு திரும்பக் கூட்டிக்கொண்டு போய், அரை நாள் பொலிஸ் வாசலில் நிற்க வேண்டும். எந்தத் தகப்பன் தன் மகளை இரண்டாவது தடவை அங்கே அனுப்புவான்?

"இருக்கட்டும். வரத்தானே போறன்" என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் பெயர் அந்தத் தாளில் இருப்பதை நான் திரும்பி வருவேன் என்பதற்கான அத்தாட்சியாக அவள் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நான் வெளிக்கிட்டு வந்துவிட்டேன். சனி இரவுகளில் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கினேன். தங்குவதற்கு என் பெயரையும் அந்த வீட்டுப் பொலிஸ் பதிவில் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குப் போய் வரிசையில் நிற்க எனக்கு நேரம் இருந்தது.

முதல் ஆட்டம் ஹெந்தளையோடு. அவர்கள் எடுத்த புள்ளிகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். எங்கள் பக்கம் வந்துவிட்ட தங்கள் பழைய தோழி ஓட, அவர்கள் ஓடுவதைக்கூட விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். முதலில் சனம் கைதட்டியது. பாதியில் எழும்பிப் போகத் தொடங்கியது. வெல்லுவது இவ்வளவு லேசா என்று எனக்கு ஒரே புளுகம், ஒரே சந்தோசம். இரத்மலானைக்கும் அதே கதிதான். அவர்களுடைய முழங்கைகூட என் விலா வரைக்கும் எட்டவில்லை. ஹெந்தளை அடுத்த கிழமை ஆட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

கொட்டாஞ்சேனையோடு எங்கள் முதல் ஆட்டம் நாலு மணிக்கு. நாலரையாகியும் அவர்கள் வரவில்லை.

"பயந்திட்டினம்" என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வளையத்துக்குப் பந்தை எறிந்து எறிந்து நாங்கள் பகிடி விட்டுக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்குக் கிட்ட அவர்களுடைய வான்கார அண்ணை தனியாக மைதானத்துக்குள் ஓடி வந்தார். சேர்ட் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, ஐ.சி கார்டை எடுத்துக்கொண்டு உடனே வாங்கோ. நீங்கள் வந்தாத்தான் பிள்ளையளை விடுவாங்களாம்."

காலி வீதியில் வானை மறித்திருக்கிறார்கள். தாளில் ஒன்பது பெயர், உள்ளே எட்டுப் பேர். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால்தான் நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்பதாவது பெண் எங்கே என்று கேட்டால் வேறு டீமில் விளையாடப் போய்விட்டாள் என்று கப்டின் சொல்லியிருக்கிறாள். போனவளின் பெயர் இங்கே எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி வருவாள் என்று சொல்லியிருக்கிறாள். உண்மையைத்தான் சொன்னாள். அந்த இடத்தில் அதைவிடச் சந்தேகமான பதிலை ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

நான் போனபோது எட்டுப் பேரும் வானுக்கு வெளியே, வீதியோரம் வரிசையாக நின்றார்கள். பெண் சிப்பாய்கள் அவர்களுடைய பைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். போகிற பஸ்களில் இருந்து சனம் எட்டிப் பார்த்தது. மலையகப் பிள்ளைகளில் சின்னவள் ஜேர்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதிகாரி என் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைக் கீழிருந்து மேலே பார்த்தார். கோபமான மனிதர் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

"நங்கி, ஏன் இவர்களை விட்டுப் போனாய்?" என்று, தங்கச்சி முறை வைத்து, சிங்களத்தில் கேட்டார்.

எனக்கு ஒரு சொல்தான் வாயில் வந்தது. "தினன்ன, சேர்." வெல்லுவதற்கு.

அவர் சிரித்துவிட்டார். எட்டுப் பேரும் அதைக் கேட்டார்கள். கப்டின் குனிந்து, தார் வீதியில் கிடந்த சீப்புகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் பொறுக்கி அவரவர் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் குனிந்தேன். "வேண்டாம், நீ போ. அங்க பார்த்துக்கொண்டிருப்பினம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இவ்வளவு காலம் எனக்குள் கிடந்து அரித்திருக்காது.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில் ஒரு தகப்பனும் மகளை அனுப்பவில்லை. அவர்கள்மேல் என்ன பிழை? நான் தகப்பனாக இருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டேன். அவள் திரும்ப வீடு வீடாகப் போனாள் என்று அம்மா சொன்னா. சில வீடுகளில் கதவைத் திறக்கவே இல்லையாம். நான் அந்தக் கிழமைகளில் ஒழுங்கையால் போகும்போது அவள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

அட்டவணைப்படி கடைசி ஆட்டம் எங்களுக்கும் கொட்டாஞ்சேனைக்கும். வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கப்பை மினுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க அவள் வந்தாள். தனியாக, இரண்டு பஸ் மாறி, ஜேர்சியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு.

"ஐஞ்சு பேர் இல்லாமல் விளையாடேலாது பிள்ளை" என்றார் மாஸ்டர்.

"தெரியும் சேர். வராத டீமை அடுத்த முறை சேர்க்கிறேல்லை எண்டு சொன்னனீங்கள். கொட்டாஞ்சேனை வந்தது எண்டு எழுதுங்கோ."

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தில் எழுதினார். விதிப்படி பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் தன் பக்கத்து மைதானத்தில், அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றாள். நாங்கள் பன்னிரண்டு பேர் எங்கள் பக்கத்தில் நின்றோம். கடற்கரைப் பாதையால் ஒரு ரயில் போனது. 

என்னிடமிருந்து அவள் நின்ற இடம் பத்தடி. தாளில் என் பெயர் இன்னும் அவளுடைய பக்கத்தில்தான் இருந்தது. நடந்து போய்ப் பக்கத்தில் நின்றிருந்தால் இரண்டு பேர்; அப்போதும் ஆட்டம் நடந்திருக்காது, அப்போதும் தோல்விதான். இதை அந்தப் பதினைந்து நிமிடமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டே நின்றேன். அவள் ஒரு தடவை மட்டும் என்னைப் பார்த்தாள். பிறகு வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியிருந்தும் கால் அசையவில்லை.

மாஸ்டர் விசில் ஊதினார். அவள் வரிசையாக வந்து பன்னிரண்டு பேருக்கும் கை கொடுத்தாள். எனக்கும்தான்.

அடுத்த வருடம் போட்டியே நடக்கவில்லை. கொட்டாஞ்சேனை வந்தது என்று புத்தகத்தில் இருந்தது, ஆனால் புத்தகத்தைத் திறக்க ஆள் இல்லை. எங்களை அடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு யார் அணி சேர்ப்பார்கள்? வெள்ளவத்தைக்காரி லண்டன் போனாள். நான் பேப்பர் வந்து ரொறன்ரோ வந்தேன். கப்டின், தாய் செத்த பிறகும் அந்த வீட்டிலேயே இருந்தாள் என்று கேள்வி. பிறகு எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தேடியிருக்கிறேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று எங்களிடம் ஒரு கமரா இருந்தது. பன்னிரண்டு பேரும் படத்தில் நிற்க வேண்டும், மாஸ்டர் கப்பைக் கொடுக்க வேண்டும். "நான் எடுத்துவிடுறன்" என்று அவள்தான் கமராவை வாங்கினாள். கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ என்றாள். உயரமானவள் நடுவில் வரட்டும் என்றாள். படம் நன்றாக வந்திருக்கிறது. நான் நடுவில், கப்பைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.