மாட்டிடம் சொன்ன சேதி

புதுசாக எது வந்தாலும் நைனார்பாளையத்தில் முதலில் வாங்குகிறவர் பூமாலைதான். சொட்டுநீர்க் குழாய் அவர் நிலத்தில்தான் முதலில் ஓடியது. கைப்பேசியிலிருந்தே மோட்டார் போடும் கருவியை மாட்டிவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி தண்ணீர் பாய்ச்சிப் பெருமையடித்தவரும் அவரே. நல்ல மனுசர். ஆனால் புதுசைக் கண்டுவிட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது கண்ணில் படாது.

அப்படித்தான் ஒரு காலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் அக்கா ராணியம்மாளின் கிணறு. அந்தக் கோடையிலேயே அது வறண்டு போனது. தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். கரும்பு காய்ந்ததற்குக்கூட அவள் அழவில்லை. "போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றுதான் அழுதாள். கேட்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று வீம்பாகப் பதில் சொன்னார் பூமாலை. அதோடு பேச்சு நின்றது.

அடியோடு நின்றுவிடவில்லை. முகம் கொடுத்துப் பேசாதவர்கள் மாட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வது அங்கே வழக்கம். வரப்பில் மேயும் பசுவிடம், நாளைக்குக் கரண்டு காலையில்தானாம் என்று இவர் உரக்கச் சொன்னால் அக்கா கேட்டுக்கொள்வாள். கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் பசு வழியாகத்தான் போய்வந்தன. பாவம், அதுவும் அசைபோட்டுக்கொண்டே கேட்டுவைக்கும்.

இந்த வருஷம் பூமாலையின் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து குருத்தெல்லாம் சல்லடையானது. தியாகதுருகத்துச் செந்தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டார். ட்ரோன் ஓட்டப் படித்து, உரிமம் வாங்கி, ஊர் ஊராகப் போய் மருந்து தெளிக்கிற பெண் அவள். மறுநாள் காலையில் வந்து இறங்கியதும், அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கெல்லாம் நேற்றே சொல்லிவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாள். எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்றார் பூமாலை. அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் தழைத்து நின்ற மல்பெரிச் செடிகளைப் பார்த்தாள். மழைக்குப் பிறகு கிணற்றில் ஊறிய கொஞ்சத் தண்ணீர் போதாததால் அக்கா கரும்பை விட்டுவிட்டுப் பட்டுப்புழு வளர்ப்புக்கு மாறியிருந்தாள். காற்றும் அந்தப் பக்கம்தான் வீசியது.

"இவங்களுக்கும் சொன்னீங்களா பெரிப்பா?"

"நேத்து சாயங்காலமே சொன்னேன். மாட்டுகிட்ட."

செந்தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவர் பசுவிடம் சொன்னபோது அக்காவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதில் விழுந்ததா என்று அவருக்கே தெரியாது. செந்தமிழ்ச்செல்வி ட்ரோனின் பேட்டரியைக் கழற்றிவிட்டாள். மருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு அத்தனையும் செத்துவிடும் என்றாள். பூமாலைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தன் நிலம், தன் பயிர், புழு தின்றுகொண்டிருக்கிறது, இதில் யாரை என்ன கேட்பது?

"முன்கூட்டியே சொல்லணும்னு விதி இருக்குது பெரிப்பா. மாட்டுகிட்ட இல்ல, மனுசங்ககிட்ட. அவங்க சரின்னு சொல்லாம நான் மேல ஏத்தமாட்டேன்."

அன்றைக்கு ஆழ்துளைக் கிணறு போட வந்த லாரிக்காரன் பூமாலைக்கு நினைவுக்கு வந்தான். அவனும் இப்படி வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கிணறு யாருடையது என்று கேட்டிருந்தால்? கேட்கச் சொல்லி அவனுக்கு ஒரு விதி இருந்து, அவனும் அதை மதித்திருந்தால்? கோபம் போன இடம் தெரியவில்லை.

வரப்பைத் தாண்டினார். ராணியம்மாள் குனிந்து இலை பறித்துக்கொண்டிருந்தாள்; நிமிரவில்லை. பழக்கதோஷத்தில் அவர் கண்கள் பசுவைத் தேடின. அது எங்கோ தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றார். "சோளத்துக்கு மருந்து அடிக்கணும். அடிக்கட்டுமா?"

ராணியம்மாள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். இன்னும் மூன்று நாளில் புழுக்கள் கூடு கட்ட ஏறிவிடும், அப்புறம் இலை தின்னாது, அதுவரை பொறுத்துக்கொள் என்றாள். பின்னாலேயே வந்த செந்தமிழ்ச்செல்வி, மல்பெரியை ஒட்டிய பாகத்தை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம், மறுகோடியை மட்டும் நாளைக்குக் காற்றில்லாத நேரமாகப் பார்த்துத் தெளித்துத் தருகிறேன் என்றாள். ராணியம்மாளும் தலையாட்டினாள்.

அப்போதுதான் பூமாலை கவனித்தார். வழியெல்லாம் கூடை கூடையாக இலை. ஒரு வேளைத் தீனிக்கு இவ்வளவு எதற்கு? விடிவதற்கு முன்பிருந்தே ஒற்றை ஆளாகப் பறித்திருக்கிறாள்.

"நேத்து மாட்டுகிட்ட சொன்னது வுழுந்துச்சா உனக்கு?"

"வுழுந்துச்சு."

"அப்புறம் ஏன்க்கா வேணாம்னு சொல்லல?"

"எங்கிட்ட வந்து கேப்பியான்னு பாத்துக்கினு இருந்தேன்டா."

பூமாலை குனிந்து, நிறைந்த கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுப் பக்கம் நடந்தார். கூடையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.